எலன் டெர்ரி: நாடகக் குடும்பம் கொடுத்ததும் கொடுக்காததும்

எலன் டெர்ரி என்ற பழைய ஆங்கில நடிகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் குடும்பமே நாடகக் குடும்பம் என்கிறார்களே, அப்படியானால் அவருடைய புகழ் குடும்பத்தால் வந்ததா, இன்று அவர் நடிப்பைப் பார்க்கவோ கேட்கவோ ஏதாவது வழி உண்டா என்பது கேள்வி.

குடும்பம் அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது, புகழைக் கொடுக்கவில்லை என்பதுதான் என் பதில். வாழ்க்கையின் நடுவில் சில ஆண்டுகள் அவர் பிறந்த வீட்டோடு ஒட்டுறவே இல்லாமல் இருந்தார். அப்போது அவரைக் காப்பாற்றியது குடும்பப் பெயர் அல்ல, ஒன்பது வயதிலிருந்து பழகிய அந்தத் தொழில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

இன்று 'வாரிசு நடிகை' என்றதும் நமக்குப் பெரிய வீடு, தெரிந்த தயாரிப்பாளர், தானாகத் திறக்கும் கதவு எல்லாம் நினைவுக்கு வரும். 1840-களின் இங்கிலாந்தில் நாடகக் குடும்பம் என்பது அப்படி இல்லை. எலனின் அப்பா பெஞ்சமின் டெர்ரி, போர்ட்ஸ்மத் ஊரில் மதுக்கடை நடத்தியவரின் மகன். அம்மா சாரா பல்லார்டும் அதே ஊர்க்காரர். 1838-ல் கல்யாணம் செய்துகொண்டு, ஊர் ஊராகப் போய் நடிக்கும் குழுக்களில் இருவரும் சேர்ந்துவிட்டார்கள். நாடகம் நடக்கும் ஊரில் வாடகை அறை, முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர். அப்படிக் கோவென்ட்ரி நகரில் தங்கியிருந்தபோது 1847 பிப்ரவரி 27 அன்று எலன் பிறந்தார். மொத்தம் பதினொரு பிள்ளைகள்; எல்லோரும் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் கேட், எலன், மேரியன், ஃப்ளாரன்ஸ், ஃபிரெட் ஆகிய ஐந்து பேர் நடிக்க வந்தார்கள்.

எலன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் முதல் நினைவே, கிளாஸ்கோவில் ஒரு வாடகை வீட்டின் மொட்டைமாடி அறை. அப்பா, அம்மா, அக்கா கேட் மூவரும் நாடகத்துக்குப் போக, சின்னக் குழந்தையான எலனை அந்த அறையில் விட்டுப் பூட்டிவிடுவார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வசதி இல்லை.

1856-ல் லண்டனில் பிரின்சஸ் அரங்கத்தை நடத்திய சார்லஸ் கீன், ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' நாடகத்துக்கு ஒரு சிறுவன் வேடத்துக்கு ஆள் தேடினார். எலனுக்கு அந்த வேடம் கிடைத்தது. வாரச் சம்பளம் 15 ஷில்லிங். ஏப்ரல் 28 அன்று முதல் காட்சி, எதிரே விக்டோரியா மகாராணியும் இளவரசர் ஆல்பர்ட்டும். பண்டைய கிரேக்கத்து ஓவியத்தைப் பார்த்துச் செய்த ஒரு பொம்மை வண்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். எலன் அந்த வண்டியின் கைப்பிடி தடுக்கி மேடையிலேயே விழுந்துவிட்டார். வாழ்க்கையே முடிந்துவிட்டதாக நினைத்து அழுதாராம். ஆனால் அந்த நாடகம் 102 இரவுகள் ஓடியது, எல்லா இரவும் அவர்தான் நடித்தார்.

அந்தப் பயிற்சி எவ்வளவு கடுமையானது என்பதற்கு இன்னொரு சம்பவம் உண்டு. அதே ஆண்டு 'நடுவேனிற்கால இரவின் கனவு' நாடகத்தில் பக் என்ற குட்டித் தேவதை வேடம். மேடையின் நடுவே உள்ள பொறிக்கதவு வழியாக மேலே வர வேண்டும். கீழே இருந்த ஆள் கதவை அவசரமாக மூடிவிட, எலனின் கால்விரல் மாட்டிக்கொண்டது. அக்கா கேட் ஓடிவந்து, திறக்கச் சொல்லிக் காலால் தட்டினாள். அந்த ஆள் சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் இறுக்கினான். கடைசியில் கீனின் மனைவி வந்து விடுவித்து, நாடகத்தை முடித்துவிடு, சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று காதில் சொன்னார். ஒரு பக்கம் கேட், மறு பக்கம் கீனின் மனைவி தாங்கிப் பிடிக்க, அந்தக் குழந்தை கடைசி வசனத்தைச் சொல்லி முடித்தது. சம்பளமும் 30 ஷில்லிங் ஆனது.

இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒன்பது வயதுக் குழந்தையிடம் கேட்கக்கூடாத உழைப்பு அது. ஒத்திகை நாள் முழுவதும் நடக்கும், சில நாள் நள்ளிரவு தாண்டும், பிள்ளைகள் கிடைத்த மூலையில் தூங்கிக்கொள்வார்கள். இருந்தாலும் எலன் கற்றுக்கொண்டது முழுக்க அங்கேதான். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பேசுவதற்கு அப்பா வீட்டிலும் விடாமல் பயிற்சி கொடுத்தார். நீளமான ஆடையோடு தடுக்காமல் நடப்பது எப்படி என்பதைக் கீன் அரங்கில் கற்றுக்கொண்டார். 1859-ல் கீன் அந்த அரங்கத்தை விட்டுப் போனதும், அப்பா தன் இரண்டு பெண்களையும் வைத்துச் சின்ன நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். பிரிஸ்டலிலிருந்து எக்ஸிடர் வரை நடந்தே போயிருக்கிறார்கள். எலன் அந்த நாட்களைச் சந்தோஷமாகத்தான் நினைவுகூர்கிறார்.

அந்தக் காலத்தில் டெர்ரி வீட்டின் நட்சத்திரம் எலன் இல்லை, அக்கா கேட். லண்டனே கொண்டாடிய நடிகை. 1867-ல் பட்டு வியாபாரத்தில் பணம் சேர்த்த ஆர்தர் லூயிஸைக் கல்யாணம் செய்துகொண்டு மேடையை விட்டுவிட்டார். ஒரு நடிகைக்கு அன்றைய சமூகம் வைத்திருந்த மிக நல்ல முடிவு அதுதான்: மரியாதையான கல்யாணம், பிறகு ஓய்வு. எலனின் பாதை அப்படிப் போகவில்லை.

பதினேழு வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது, 1864 பிப்ரவரி 20 அன்று ஓவியர் ஜி. எஃப். வாட்ஸை மணந்தார். அவருக்கு 46 வயது முடியப்போகும் நேரம். வாட்ஸ் அவரை வைத்து வரைந்த ஓவியங்கள் அழகானவை. மலர்களை முகர்ந்தபடி நிற்கும் எலனின் படம் இன்று லண்டனின் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. வீடு மட்டும் அவருக்குச் சொந்தமாகவில்லை. வாட்ஸைச் சுற்றியிருந்த பெரிய மனிதர்கள் கூட்டத்தில் அவர் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டிய சின்னப் பெண்தான். பத்து மாதத்தில் அவரைப் பெற்றோர் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். தான் என்ன தவறு செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் எலனைப் புகைப்படம் எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். இவரைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: கல்கத்தாவில் பிறந்து, கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-ல் இறந்து, மலையகத்துப் பொகவந்தலாவை தேவாலயத்தில் புதைக்கப்பட்டவர். சுவரில் சாய்ந்தபடி கண் தாழ்த்தியிருக்கும் எலனின் அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். அப்போது அவருக்கு 17 வயதுதான்.

அப்புறம் 1868. கட்டடக் கலைஞர் எட்வர்ட் வில்லியம் காட்வினோடு எலன் யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனார். வாட்ஸோடு விவாகரத்து ஆகவில்லை, அதனால் இந்தக் கல்யாணத்துக்கு வழியில்லை. மகள் போன இடம் தெரியாத நிலையில் தண்ணீரில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடைத்தது, அது தன் மகள்தான் என்று அப்பா அடையாளம் காட்டிவிட்டார். அம்மாதான் உடலை உற்றுப் பார்த்து, எலனின் உடலில் இருக்கும் பிறவி அடையாளம் இதில் இல்லை என்றார். செய்தி தெரிந்து, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட எலன் லண்டனுக்கு ஓடிவந்தார்.

அதன்பிறகு ஆறு ஆண்டுகள் ஹார்ட்ஃபர்ட்ஷயர் கிராமப்புறத்தில் வாழ்ந்தார். விடியற்காலையில் எழுவது, வாத்துக்கும் கோழிக்கும் தீனி போடுவது, காட்வினை ரயிலடிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவது. 1869-ல் மகள் எடித், 1872-ல் மகன் எட்வர்ட் பிறந்தார்கள். நாடகத்தை அவர் நினைக்கவே இல்லை என்கிறார், நான் அதை நம்புகிறேன். பெற்றோர் வீட்டோடு பேச்சில்லை. 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயிஸ் கரோல், எலனைக் குழந்தை நடிகையாகப் பார்த்து வியந்து நாட்குறிப்பில் எழுதியவர், அவரும் பல ஆண்டுகள் முகம் கொடுக்கவில்லை. காட்வினுக்கோ கடன் ஏறிக்கொண்டே போனது, ஜப்தி ஆட்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில் நடந்ததுதான் எலன் கதையில் எல்லோரும் சொல்லும் இடம். கிராமத்துச் சந்தில் அவருடைய குதிரைவண்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. வேட்டைக்கு வந்த ஒருவர் வேலியைத் தாண்டிக் குதிரையோடு குதித்தார். பார்த்தால் பழைய நண்பரும் நாடக ஆசிரியருமான சார்லஸ் ரீட். மேடைக்குத் திரும்பி வா என்றார் அவர். முடியவே முடியாது என்றார் எலன். பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜப்தி ஆட்கள் நினைவுக்கு வர, வாரம் 40 பவுண்டு தந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ரீட் உடனே ஒப்புக்கொண்டார். 1874 பிப்ரவரி 28, அதாவது 27 வயது நிறைந்த மறுநாள், எலன் மீண்டும் மேடையேறினார்.

கேள்வியின் மையத்துக்கான பதில் எனக்கு இங்கேதான் கிடைக்கிறது. அந்த 40 பவுண்டு, கேட்டின் தங்கை என்பதற்காக வந்தது இல்லை. ஆறு ஆண்டு ஒதுங்கியிருந்த, கல்யாணமாகாமல் இரண்டு குழந்தை பெற்ற பெண்ணை, விக்டோரியா காலத்து லண்டனில் குடும்பப் பெயர் காப்பாற்றியிருக்காது. வேலை தெரிந்தவர் என்பதற்காகக் கூப்பிட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் நாயகி போர்ஷியா வேடம். வட்டிக்காரன் ஷைலாக்காக நடித்தவர் சொதப்பியதால் நாடகம் சில வாரங்களில் நின்றுவிட்டது. ஆனால் முதல் இரவிலேயே பார்வையாளர்கள் மொத்தமாகத் தன் கைக்குள் வந்துவிட்டதை எலன் உணர்ந்தார். அந்த உணர்வு ஒரு நடிகைக்கு வாழ்க்கையில் ஒருமுறைதான் வரும் என்று பின்னாளில் எழுதினார். அதே 1875-ல் காட்வின் பிரிந்துபோனார். இரண்டு குழந்தைகளும் எலனின் பொறுப்பு. 1877-ல் வாட்ஸிடமிருந்து விவாகரத்து கிடைத்தது, நடிகர் சார்லஸ் வார்டெலை மணந்தார், சில ஆண்டுகளில் அதுவும் முறிந்தது. அந்தக் கல்யாணத்தால் நடந்த நல்லது, பெற்றோரோடு உறவு சரியானது.

1878-ல் நடிகர் ஹென்றி இர்விங் லண்டன் லைசியம் அரங்கத்தைத் தன் பொறுப்பில் எடுத்தபோது எலனை முதன்மை நடிகையாகச் சேர்த்துக்கொண்டார். டிசம்பர் 30 அன்று 'ஹாம்லெட்', எலனுக்குப் புத்தி பேதலித்துப்போகும் ஒஃபீலியா வேடம். அந்த வேடத்துக்காக மனநல விடுதிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். பைத்தியக் காட்சிக்குக் கறுப்பு உடை அணிய நினைத்தார். மேடையில் கறுப்பு அணிபவர் ஹாம்லெட் ஒருவர்தான் என்று இர்விங் தரப்பில் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். எலன் வெள்ளைக்கு மாறினார். அடுத்த 24 ஆண்டுகளின் கதை இந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது. எந்த நாடகம், எந்த வேடம், யார் மேல் வெளிச்சம் என்பதை முடிவு செய்தவர் இர்விங்.

அந்தக் கூட்டணி அடைந்த வெற்றி சாதாரணமானது இல்லை. 1879-ல் 'வெனிஸ் நகர வணிகன்' தொடர்ந்து 250 இரவுகள். 1882-ல் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் எலன் நடித்த பீட்ரிஸ், வாய்த்துடுக்கும் அன்பும் கலந்த பெண், அவருடைய மிகச் சிறந்த வேடம் என்று பலர் சொல்வார்கள். 1883 முதல் அமெரிக்கப் பயணங்கள். சம்பளம் வாரம் 200 பவுண்டு வரை உயர்ந்தது. பிரிட்டனில் அந்த அளவு சம்பாதித்த பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

1888 டிசம்பரில் வந்த 'மேக்பெத்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேக்பெத் சீமாட்டி என்றால் ராட்சசி என்பதுதான் அதுவரை வழக்கம். எலன் அவளைக் கணவன் மேல் உயிராக இருக்கும், அவனுக்காக எதையும் துணியும் மனைவியாகப் பார்த்தார். நாடகப் பிரதியின் ஓரங்களில் அவர் எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. எந்தச் சொல்லில் மூச்சு விடுவது, எங்கே பயம் எட்டிப்பார்க்க வேண்டும் என்று வரிக்கு வரி யோசித்திருக்கிறார். மேடையில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் இயல்பாக வருகிறது என்றார்கள். அந்த இயல்பு இந்த ஓரக்குறிப்புகளில் தயாரானது.

அந்த நாடகத்தில் அவர் அணிந்த பச்சை உடையை உலகமே அறியும். பாம்புச் செதில் போலவும் போர்க்கவசம் போலவும் தெரிய வேண்டும் என்று ஆலிஸ் காமின்ஸ் கார் வடிவமைத்தார். பச்சை நூலில் பின்னிய துணியின் மேல் பொன்வண்டின் இறக்கைகளைச் சுமார் ஆயிரம் எண்ணிக்கையில் தைத்தார்கள். ஆமாம், நாம் சிறுவயதில் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த அதே இனத்துப் பொன்வண்டுதான். வண்டு இறக்கையை வைத்துத் தைக்கும் கலை இந்தியாவில் பழையது, அங்கிருந்துதான் ஆங்கிலேயர்களுக்கு அந்த ஆசை வந்தது. முதல் இரவில் எலனைப் பார்த்த ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட், அந்த உடையோடு அவர் கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பதாக வரைந்தார். நாடகத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ஓவியம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. ஷேக்ஸ்பியரின் ரோசலிண்ட் வேடம் எலனுக்காகவே எழுதியது போல இருக்கும். நகைச்சுவை, வேகம், காதல் எல்லாம் அதில் உண்டு. லைசியத்தில் அந்த நாடகத்தை இர்விங் போடவே இல்லை, அவருக்கு அதில் நல்ல வேடம் கிடையாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். எலன் கடைசிவரை ரோசலிண்டாக மேடையேறவில்லை. இதைப் பற்றி அதிகம் கோபப்பட்டவர் நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா. 1890-களில் அவரும் எலனும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள், பல ஆண்டுகள் நேரில் சந்திக்காமலேயே. அந்தக் கடிதங்கள் 1931-ல் புத்தகமாக வந்தன. ஷா தன் சாமர்த்தியத்தையெல்லாம் அதில் காட்டுகிறார். இருந்தாலும் படிக்கப் படிக்க எலனின் கடிதங்கள்தான் மனதில் நிற்கின்றன.

1902-ல் லைசியம் காலம் முடிந்தது. அடுத்த ஆண்டு எலன் இம்பீரியல் அரங்கத்தை எடுத்து, மகன் எட்வர்ட் கோர்டன் கிரேக் காட்சி அமைக்க, மகள் எடித் கிரேக் உடைகள் தயாரிக்க, நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைப் போட்டார். கிரேக்கின் மேடை அமைப்பு காலத்தை மீறியது. கூட்டம் வரவில்லை. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட எலன் வெளியூர்ப் பயணம் போய் நடித்தார். கிரேக் பின்னாளில் ஐரோப்பிய நாடக மேடையையே மாற்றிய சிந்தனையாளர் என்று பெயர் வாங்கினார், எடித் 1911-ல் தன் சொந்த நாடகக் குழுவைத் தொடங்கிப் பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்தார். குடும்பம் வாய்ப்பு கொடுத்தது என்று சொல்ல வேண்டுமானால் அது இந்தத் தலைமுறைக்குப் பொருந்தும். கொடுத்தவர் எலன்.

1906-ல் அவர் மேடைக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததை ட்ரூரி லேன் அரங்கத்தில் கொண்டாடினார்கள். பல மணி நேரம் நீண்ட நிகழ்ச்சி. பீட்ரிஸ் காட்சியில் அவரோடு டெர்ரி குடும்பத்தார் ஒரு பெரும் கூட்டமாகவே மேடையில் நின்றார்கள், மேடையை விட்டு என்றோ விலகிய கேட் உட்பட. மறுவருடம் தன்னைவிட ஏறக்குறைய முப்பது வயது இளைய அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் கெருவை மணந்தார், இரண்டு ஆண்டில் பிரிந்தார்கள், நட்பு மட்டும் தொடர்ந்தது.

இர்விங்குக்கு 1895-ல் சர் பட்டம் கிடைத்தது. பெண்களுக்கான அதற்கு இணையான டேம் பட்டம் எலனுக்குக் கிடைத்தது 1925-ல். முப்பது ஆண்டு தாமதம். அப்போது அவருக்குப் பார்வை மங்கி, ஞாபகம் தவறத் தொடங்கியிருந்தது. கென்ட் மாவட்டத்தில் டென்டர்டன் ஊருக்கருகே ஸ்மால்ஹைத்தில் தான் வாங்கியிருந்த பழைய மரவீட்டில் 1928 ஜூலை 21 அன்று, 81 வயதில் இறந்தார். துக்கம் காக்க வேண்டாம் என்று முன்பே எழுதிவைத்திருந்தார், வந்தவர்கள் வண்ண உடையில் வந்தார்கள்.

இன்று பார்க்க, கேட்க என்ன இருக்கிறது என்றால், 1911-ல் நியூயார்க்கில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஷேக்ஸ்பியர் வசனங்கள் சிலவற்றைப் பேசிப் பதிவு செய்தார். இணையத்தில் தேடினால் கிடைக்கும். இரைச்சலுக்கு நடுவே ஒலிக்கும் அந்தக் குரலில் அவருக்கு 64 வயது என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். 1916 முதல் சில மௌனப் படங்களில் நடித்தார், ஆனால் அவருடைய பலமே குரல் என்பதால் அவற்றை வைத்து அவரை எடைபோடக் கூடாது. ஸ்மால்ஹைத் வீட்டை எடித் அருங்காட்சியகமாக மாற்றி, 1939-ல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார். 1,300 மணி நேர உழைப்பில் பழுதுபார்த்த பொன்வண்டு உடையும் அந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறது. அடுத்த தலைமுறையின் நடிப்பைப் பார்க்க ஆசையென்றால் ஜான் கீல்குட் நடித்த படங்களைப் பாருங்கள், அவர் கேட்டின் பேரன். படிப்பதற்கு, 1908-ல் வந்த எலனின் சுயசரிதை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முழுவதும் படிக்க நேரமில்லாவிட்டால் குழந்தைப் பருவம் பற்றிய முதல் அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். கீன் அரங்கத்தின் தினசரி வாழ்க்கையை உள்ளேயிருந்து அவ்வளவு உயிரோட்டமாகச் சொல்லும் இன்னொரு எழுத்தை நான் படித்ததில்லை.